மழை நாளில் இரண்டாம் வகுப்பு

எழுபதுகளின் கடைசியில் நான் சிலிபினிலிருந்து இரண்டு பஸ் மாறி, தாப்பா ரோட்டில் இறங்கி, செம்மண் பாதையில் நடந்து ஒரு ரப்பர் தோட்டத் தமிழ்ப்பள்ளிக்குப் பாடம் நடத்தப் போய்க்கொண்டிருந்தேன். போய்ச் சேரும்போதே பாதி உயிர் போயிருக்கும். மீதி உயிரை வைத்துக்கொண்டு, ஒரே அறையில் முதலாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் கட்டி மேய்க்க வேண்டும். இந்தப் பக்கம் கணக்கு எழுதிப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பினால், அங்கே பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. இருட்டோடு எழுந்து, அம்மாவோடு ரப்பர் காட்டுக்குப் போய், பால் வடிகிற மங்குகளைத் துடைத்து வைத்துவிட்டு வருகிற பிள்ளைகள். பெஞ்சில் உட்கார்ந்ததும் கண் சொருகும். அதட்டி அதட்டி எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

இரண்டாம் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு எழுத்தெல்லாம் தெரியும், கூட்டி வாசிக்க வராது. இரண்டு எழுத்து சொல்வாள், மூன்றாவதற்குள் தலை தொங்கிவிடும். வருடக் கடைசி நெருங்கியபோது அவள் அம்மா பள்ளி வாசலில் வந்து நின்றார்.

“வாசிக்க வராத புள்ளைக்கு எதுக்கு டீச்சர் பள்ளிக்கூடம்? பரீட்சையோட நிப்பாட்டிர்றேன். சின்னவன பாத்துக்கிட்டு வீட்ல இருக்கட்டும்லா.”

“வாசிச்சிட்டா?”

“வாசிச்சா அனுப்புறேன். நான் என்ன வேணாம்னா சொல்றேன்?”

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான் இருந்தது. மழையில் மரம் நனைந்தால் பால்வெட்டு கிடையாது. அன்றைக்குப் பிள்ளைகள் விடியும்வரை தூங்கி, முகம் தெளிந்து வருவார்கள். மாதக்கணக்கில் கத்தியும் ஏறாத பாடம் அன்று ஏறிவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசையில் முழங்காலிட்டு மழை வேண்டுமென்று கேட்டேன்.

அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவளை என் மேசைக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, காதோரம் குனிந்து சொல்லிக் கொடுத்தேன். முதல் நாள் ஒரு வரி வாசித்தாள். மறுநாள் இன்னும் இரண்டு வரி. “மழை இன்னும் கொஞ்சம் பெய்யட்டும், முழுப் பாடத்தையும் வாசிச்சிருவ,” என்று தினமும் அவளிடம் சொன்னேன். அவளும் தலையாட்டினாள்.

வெள்ளிக்கிழமை, குளத்தில் கொக்கு மீன் பிடிக்கிற பாடத்தை விரல் வைத்து வாசிக்கத் தொடங்கினாள். ஓரிடத்தில் திக்கினாள். எங்கே நானே சொல்லிவிடுவேனோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவள் மூச்சு வாங்கி, தானே கூட்டி, அதைத் தாண்டிப் போனாள். கடைசி வரி வந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த வேலைக்கு வந்ததில் நான் சந்தோஷப்பட்ட நாட்கள் குறைவு, அதில் அது ஒன்று.

“கெட்டிக்காரி. அம்மாகிட்ட நானே வந்து சொல்றேன்,” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. ஜன்னலைப் பார்த்தாள்.

“வாசிச்சிட்டேன்ல டீச்சர். இனி மழை நிக்கலாமா?”

“ஏம்மா?”

“வெட்டு இல்லன்னா கூலி இல்லையாம். வீட்ல அரிசி இல்ல. அம்மா நேத்துலேர்ந்து வெறும் கோப்பிதான் குடிக்குது.”

அவள் வாசித்து முடிக்கட்டும் என்று நான்தான் மழையைப் பிடித்து வைத்திருக்கிறேன் என நினைத்திருக்கிறாள். எல்லா மழை நாளும் எனக்கு நல்ல நாள் என்றுதான் இத்தனை வருடம் இருந்தேன்.

“நிக்கலாம்மா,” என்றேன்.

அவள் அவசரமாகப் புத்தகத்தை மூடினாள்.