கதைக்கிறது ஒரு தொழிலோ?

"உங்களுக்கு எது பிடிக்குமோ, அதையே தொழிலாக்குங்கோ" என்று எங்களுக்கு அறிவுரை சொன்ன அந்த அதிகாரியை இன்றைக்குக் கண்டாலும் மறித்து வைத்து நாலு கேள்வி கேட்பேன். அவ்வளவு எரிச்சல் எனக்கு இன்னும் இருக்கிறது.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வன்னியில், ஸ்கந்தபுரத்தில் சும்மா இருந்த காலம் அது. சண்டையால் பளையிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, யாரோ ஒருவருடைய வளவின் மூலையில் கொட்டில் போட்டு இருந்தோம். தொழில் வழிகாட்டல் என்று சொல்லி எங்களைப் பள்ளிக்கூடக் கொட்டகைக்குக் கூப்பிட்டார்கள். வவுனியாவிலிருந்து வந்த அதிகாரி ஒவ்வொருவரிடமும் பொழுதுபோக்கு என்னவென்று கேட்டார். படம் கீறுவேன் என்றவனைக் கட்டடக் கலைஞனாகச் சொன்னார். வன்னிக்குள் சீமெந்து வரவே தடை. அவன் எதைக் கொண்டு கட்டுவான், களிமண்ணைக் கொண்டா?

"உமக்கு என்ன விருப்பம்?"

"கதைக்கப் பிடிக்கும் சேர். அறிவிப்பாளரா வர விருப்பம்."

கொட்டகை முழுக்கச் சிரிப்பு. "நல்லது, கொழும்பிலை போய்ப் பயிற்சி எடும்" என்றார்.

"வன்னியை விட்டு வெளியிலை போகப் பாஸ் ஆர் சேர் தருவினம்?" என்று கேட்டேன். அவர் எனக்குப் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்து, "உமக்கு?" என்றார். என்னுடைய எதிர்காலம் அத்தோடு முடிந்தது.

ஆனால் பைத்தியம் விடுமா? பற்றரி கிடையாது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றினால் டைனமோவில் ரேடியோ பாடும். சனம் செய்திக்காகச் சுற்றியது. நான் வாசிப்பவரின் மூச்சைக் கேட்கச் சுற்றினேன். எந்தச் சொல்லில் நிறுத்துகிறார், எதை அழுத்துகிறார் என்று பிடித்து, பிறகு கிணற்றடியில் நின்று அப்படியே சொல்லிப் பார்ப்பேன். தண்ணீர் அள்ள வந்த பெண்கள், "தம்பி, இண்டைக்குச் செய்தி என்ன?" என்று பகிடி பண்ணுவார்கள்.

அப்பா பளையில் கூட்டுறவுச் சங்கக்கடை முகாமையாளராக இருந்தவர். என்னையும் சங்கக்கடைக்குள் நுழைத்துவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. நான் அறிவிப்பாளர் என்று வாய் திறந்தால் போதும், ஏறி விழுவார்.

"விசர்க்கதை கதையாதை. கதைக்கிறது ஒரு தொழிலோ? உலகத்திலை எல்லாருக்கும் வாய் இருக்கு. வாய் இருக்கிறவனெல்லாம் அறிவிப்பாளரோ?"

"இல்லை அப்பா, அதைத்தான் நானும் சொல்லுறன்" என்றால், "எதிர்க்கதை வேறை!" என்று எழும்பிப் போய்விடுவார். கடவுளே, எப்படித்தான் விளங்கப்படுத்துவது?

கடைசியில் கிடைத்தது ஒரு வேலை. லவுட்ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிற அண்ணை ஒருவர் என்னைக் கூப்பிட்டார். கோயில் திருவிழாவுக்கோ விளையாட்டுப் போட்டிக்கோ இல்லை, செத்தவீட்டுக்கு. உழவு இயந்திரப் பெட்டியில் ஒலிபெருக்கியைக் கட்டி, ஊர் ஊராகப் போய் மரண அறிவித்தல் சொல்ல வேண்டும். எல்லாரும் இடம்பெயர்ந்து சிதறிக் கிடந்த காலம். சொந்தத் தங்கச்சி எந்த வளவில் இருக்கிறாள் என்று அண்ணனுக்குத் தெரியாது. ஒலிபெருக்கியில் சொன்னால்தான் உறவுக்காரர் வந்து சேருவார்கள். இதற்காகவா நான் சைக்கிள் சுற்றினேன் என்று பெட்டியில் இருந்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு போனேன்.

ஆனாலும் வேலையை வேலையாகச் செய்தேன். "கிளிநொச்சியைப் பிறப்பிடமாகவும், ஸ்கந்தபுரத்தைத் தற்காலிக வதிவிடமாகவும் கொண்ட" என்று தொடங்கி, ஊரின் பெயரை நிறுத்திச் சொல்வேன். ஊரின் பெயரை விழுங்கினால் எந்த மனிசர் என்று உறவுக்காரருக்கு எப்படித் தெரியும்? ஒரு நாள் எங்கள் ஒழுங்கையாலும் போக வேண்டி வந்தது. அப்பா வாசல் படலையடியில் நின்றார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்குப் போனதும், முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"தற்காலிகம் எண்டதை அழுத்திச் சொன்னனி. அது சரி. அப்பிடித்தான் சொல்லவேணும்."

என் குரலைப் பற்றி அவர் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான். ஒவ்வொரு நாளும் தேத்தண்ணி குடிக்கும்போது, "அடுத்த போகத்துக்கு ஊரிலை நிப்பம்" என்று சொல்கிற மனிசருக்கு அந்தச் சொல்தான் பெரிதாகப் பட்டிருக்கிறது. அடுத்த நாளே, "சங்கக்கடையிலை ஆள் எடுக்கினமாம்" என்று பழையபடி தொடங்கிவிட்டார். நான் போகவில்லை. அதனால் இரண்டு பேரும் முகம் கொடுத்துக் கதைப்பதும் குறைந்துபோனது.

அந்த மாரியில் அப்பாவை மலேரியாக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது.

பெரியப்பா வந்து இறங்கியதும் முதல் சொன்னது, "கொள்ளி வைக்கிற பிள்ளை படலை தாண்டக்கூடாது." மூத்த மகன் நான்தான். அதனால் எனக்குப் பதிலாக, வேறொருவர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறினார். எங்கள் பக்கத்து வளவு மாமா, உரத்த குரல்காரர். வாய் இருக்கிறது, போதும் என்று அனுப்பிவிட்டார்கள்.

அப்பாவின் தலைமாட்டில் இருந்தேன். தூரத்தில் சத்தம் கேட்டது. "பளையைப் பிறப்பிடமாகவும், ஸ்கந்தபுரத்தை நிரந்தர வதிவிடமாகவும் கொண்ட..." எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அம்மாவும் அதைக் கேட்டுவிட்டார். அழுகையை நிறுத்தி, என் கையைப் பிடித்தார்.

"காய்ச்சலுக்கை சொன்னவர் மோனை. 'எனக்கு ஏதும் நடந்தா அவன்தான் சொல்லவேணும். தற்காலிகத்தை அவன்தான் ஒழுங்காச் சொல்லுவான்' எண்டு."

அதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? உயிரோடு இருந்தபோது சொல்லியிருந்தால் வாய் தேய்ந்தா போயிருக்கும்? அழுகையை முந்திக்கொண்டு கோபம் வந்தது. எழும்பிப் படலைக்கு ஓடினேன். உழவு இயந்திரம் எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பி வந்துகொண்டிருந்தது. படலைக்கு உள்ளே நின்றபடி கையைக் காட்டி மறித்தேன்.

"மாமா, நிரந்தர வதிவிடம் இல்லை. தற்காலிக வதிவிடம்."

அவர் பெட்டியிலிருந்து என்னைப் பாவமாகப் பார்த்தார். "தம்பி, அப்பா போய்ச் சேந்திட்டார். இனி எங்கையப்பு தற்காலிகம்? நாளைக்கு இஞ்சைதானே எரிக்கப்போறம்."

நான் வேலிக்கு மேலால் கையை நீட்டினேன்.

"மைக்கைத் தாங்கோ" என்றேன். பெரியப்பா பின்னால் வந்து தோளைப் பிடித்தார். "படலை தாண்டாதை!" தாண்டவில்லை. மைக்கின் வயரை வேலிக்கு மேலால் இழுத்தெடுத்து, உள்ளே நின்றபடியே சொன்னேன். பளையைப் பிறப்பிடமாகவும், ஸ்கந்தபுரத்தைத் தற்காலிக வதிவிடமாகவும் கொண்ட, முன்னாள் சங்கக்கடை முகாமையாளர், என் தகப்பனார் காலமானார் என்று. ஒரு இடத்திலும் குரல் உடையவில்லை. அவ்வளவு ஒழுங்காக நான் அதற்கு முன்னும் சொன்னதில்லை, பின்னும் சொன்னதில்லை.

கேட்டது யார்? செத்தவீட்டுக்கு வந்து பந்தலுக்குள் இருந்த சனம். செய்தி தெரிந்துதான் அவர்கள் வந்திருந்தார்கள். தெரியாத சனம் அடுத்த ஊர்களில் இருந்தது. அங்கே போக எனக்குப் படலை தடை.

மாமா மைக்கை வாங்கினார். உழவு இயந்திரம் மண்ணெண்ணெய்ப் புகையைக் கக்கிக்கொண்டு ஒழுங்கையைத் தாண்டியது. நான் திரும்பிப் போய் அப்பாவின் தலைமாட்டில் இருந்தேன். சந்தியடியிலிருந்து மாமாவின் குரல் நன்றாகக் கேட்டது.

"பளையைப் பிறப்பிடமாகவும், ஸ்கந்தபுரத்தை நிரந்தர வதிவிடமாகவும் கொண்ட..."