‘சரி’ மட்டும் மிஞ்சியவர்

நாமக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையின் முதல் மாடியில், பேச்சுப் பயிற்சி அறையில் ஆறு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். பக்கவாதத்தில் பேச்சு போனவர்களும், திக்கிப் பேசுகிறவர்களும், மூன்று வயதாகியும் பேசாத குழந்தைகளும் வருவார்கள். அவர்களைப் பேசவைப்பது என் வேலை. மனசையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நிர்வாகத்துக்குத் திடீரென்று தோன்றியதால், போன வருடம் என்னைச் சேலத்தில் ஒரு ஓட்டலில் நடந்த ஆலோசனைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அடுத்தவர் பேச்சைப் பொறுமையாகக் கேட்பது எப்படி என்று பயிற்சியாளர் இரண்டு நாள் இடைவிடாமல் பேசினார். எங்களில் ஒருவருக்கும் வாய் திறக்க நேரம் கிடைக்கவில்லை.

எதிரில் இருப்பவர் சொன்னதைத் திரும்பச் சொல்ல வேண்டும், அவர் உணர்ச்சிக்குப் பெயர் சொல்ல வேண்டும், மௌனத்துக்கு இடம் விட வேண்டும், புத்திமதி மட்டும் கூடாது. இதுதான் சாரம். சான்றிதழைச் சட்டம் போட்டு என் மேசைக்கு மேலே மாட்டிக்கொண்டேன்.

அடுத்த வாரம் திருச்செங்கோட்டுப் பக்கமிருந்து ஒரு ரிக் வண்டி முதலாளி வந்தார். ஊர் ஊராகப் போய் போர்வெல் போடும் வண்டிகள் இரண்டு வைத்திருப்பவர். பக்கவாதம் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வலது கை தொங்கியது. நாம் பேசுவது பெரும்பாலும் புரிந்தது. பதில் சொல்லத்தான் ஒரே வார்த்தை மிஞ்சியிருந்தது. பெயர் என்னங்க என்றால் ‘சரி’. காப்பியா டீயா என்றாலும் ‘சரி’. வேண்டாம் என்று நினைத்தாலும் வாயில் வருவது அதுதான். மூளையில் அடிபட்ட சிலருக்கு இப்படி ஒற்றைச் சொல் நாக்கில் ஒட்டிக்கொள்வதுண்டு.

பதிவுத் தாளை நிரப்பும்போது, “உங்க பயிற்சிய வீடியோ எடுத்து எங்க விளம்பரத்துல போடலாமாங்க?” என்று கேட்டேன்.

“சரி” என்றார். சம்மதம் என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

பிறகு, கூட வந்த மனைவியிடம் ஆலோசனையைத் தொடங்கினேன்.

“உங்களுக்கு ரொம்ப வருத்தமா இருக்குன்னு தெரியுதுங்க.”

“தெரியுதுங்கள்ல? அப்புறம் எதுக்குங்க கேக்கறீங்க? ஊட்டுல எனக்கு ஒரே ரோதனைங்க அம்மிணி.”

“வீட்டுல ஒரே ரோதனையா இருக்கு.”

“அதத்தானுங்க நானும் சொன்னேன்.” என்னைக் கரிசனத்தோடு பார்த்தார். “பக்கத்து ரூமுல காது பாக்கறாங்களாமா. நீங்க ஒருக்கா காட்டிக்கிட்டீங்களா?”

மௌனத்துக்கு இடம் விட்டேன். முடிந்துவிட்டது என்று அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

மறுபடி உட்காரவைத்து, “என்னங்க ரோதனை?” என்று பக்கத்து வீட்டுக்காரி மாதிரி கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

“நல்லா இருந்தப்ப இவரு ஒண்ணுக்கும் ஒத்துக்க மாட்டாருங்க. இவரு வந்தா சனம் வேற தடத்துல போயிரும். இப்ப ஊரே ஊட்டுக்கு வருது. ஒடம்பு எப்படீன்னு கேட்டுட்டு, அது வேணும் இது வேணும்ங்கறாங்க. தம்பிகாரரு எங்க சோளக்காட்டுக்கு நடுவால வண்டித்தடம் கேட்டாரு, சரின்னுட்டாரு. கும்பாபிசேகத்துக்குத் தலைவரா இருங்கன்னாங்க, சரின்னுட்டாரு. நோட்டீசும் அடிச்சாச்சு. நேத்து ஒருத்தன் காந்தப் படுக்கை விக்க வந்தான். ரெண்டு எறக்கீட்டுப் போயிட்டான். நான் வேண்டாம்னா, ‘அவரே சரின்னுட்டாரு, நீங்க ஏனுங்க நடுவால’ங்கறாங்க. நோவு வந்துதான் மனுசன் தங்கமா மாறீட்டாராமா!”

பயிற்சியில் ஒரு மதியம் முழுக்க நடத்திய பாடம் நினைவுக்கு வந்தது. “நடந்ததை ஏத்துக்கறதுதாங்க முதல் படி” என்றேன்.

“அவரு எல்லாத்தையும் ஏத்துக்கறதுதானுங்க தொந்தரவே. பழம் பேரு, காய் பேரெல்லாம் மெதுவா வரட்டும். மொதல்ல மாட்டேன்னு சொல்லப் பழக்கி உடுங்க.”

அவர் சொல்லச் சொல்ல, டிக் போட்ட தாள் என் முழங்கைக்குக் கீழே இருந்தது. காந்தப் படுக்கைக்காரனுக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நான் சான்றிதழ் வைத்திருந்தேன், அவ்வளவுதான். தாளைச் சத்தமில்லாமல் கவிழ்த்துவைத்தேன்.

நாக்கு வழிக்கு வரும்வரை இடது கையை நம்புவது என்று முடிவு செய்தேன். ஆம் என்றால் நெஞ்சைத் தொட வேண்டும். இல்லை என்றால் உள்ளங்கையை முன்னால் நீட்ட வேண்டும். நான் கேள்வி கேட்பேன்: இது மேட்டூரா? நீங்க பொம்பளைங்களா? வாய் ‘சரி’ என்றபடியே இருக்கும், கை தயங்கித் தயங்கி எழும். மூன்று வாரத்தில் கை தயங்குவது நின்றது. அன்றைக்கு அந்தத் தாளை எடுத்துப் பழைய கேள்வியையே கேட்டேன்.

“சரி” என்றது வாய். உள்ளங்கை என் மூக்குக்கு நேராக வந்து நின்றது.

டிக்கின் மேல் கோடு போட்டு அடித்துவிட்டு, அவருக்குத் தெரியும்படி ‘மறுத்துவிட்டார்’ என்று எழுதினேன். சிரித்தார். சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது. மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டார். அந்த உணர்ச்சிக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை, சொல்லவும் இல்லை.

அதற்கடுத்த வாரம் தம்பிக்காரர் வேகமாக என் அறைக்குள் வந்து உட்கார்ந்தார். “நல்லா இருந்த மனுசனக் கெடுத்துப்போட்டீங்க! வாய் சரிங்குது, கை வேண்டாங்குது. நான் எதைங்க எடுத்துக்கறது?”

“நல்லா இருந்தவரை நான் கெடுத்துட்டதா நினைக்கறீங்க.”

“ஆமாங்க.”

“ரொம்பக் கோவமா இருக்கீங்க.”

“பின்னே?”

மௌனத்துக்கு இடம் விட்டேன். சுவரைப் பார்த்தார், சான்றிதழைப் பார்த்தார், எழுந்து போய்விட்டார். பயிற்சி வீண் இல்லை.

‘வே’ என்று நான் எடுத்துக்கொடுத்தால் ‘வேண்டா’ என்று முடிக்க ரிக் முதலாளிக்கு இன்னும் இரண்டு மாதம் ஆனது. பிறகு எடுத்துக்கொடுக்காமலே சொன்னார். முதலில் கும்பாபிஷேக விழாக்குழுவுக்கு, அப்புறம் நான் நீட்டிய பழப் படங்களுக்கு. நிர்வாகம் கேட்ட முன்னேற்ற அறிக்கையில், தெளிவாகச் சொல்லும் வார்த்தைகள் இரண்டு என்று எழுதி அனுப்பினேன். இரண்டுதானா என்று மேலாளர் வருத்தப்பட்டார்.

போன செவ்வாய்க்கிழமை அவர்கள் வரவில்லை. போன் செய்தேன்.

“கெளம்பச் சொன்னா வேண்டாங்கறாருங்க அம்மிணி” என்றார் மனைவி. “ராத்திரி நல்ல மழைங்க. சோளக்காட்டப் பாக்கோணும்னு செருப்ப மாட்டீட்டு வாசல்ல உக்காந்திருக்காரு. அடுத்த வாரம் வாரோமுங்க.”