கட்டைவிரல் முடிச்சு

முதுகெலும்பில் அடிபட்டு வீடு திரும்பிய பிறகு என் கால்களைக் கண்டாலே எனக்குப் பயம். நாவலூரில் ஓர் அலுவலகக் கட்டிடத்தில் ஏசி மாட்டும்போது ஏணியோடு விழுந்தவன் நான். இடுப்புக்குக் கீழே தொட்டால் தெரியாது, சொன்னால் கேட்காது. ஆனால் சொல்லாமலே ஆடும். மத்தியானத்தில் வீடு அடங்கிக் கிடக்கையில் இரண்டு முட்டிகளும் தாமாக எழும்பி, நடுங்கி, மெல்ல இறங்கும். போர்வைக்குள் வேறு யாரோ படுத்திருப்பதுபோல் இருக்கும்.

முதல் தடவை அதைப் பார்த்ததும் கால் பிழைத்துவிட்டதென்று அம்மா திருப்போரூர் முருகனுக்கு மொட்டை வேண்டிக்கொண்டாள். செங்கல்பட்டிலிருந்து பயிற்சி கொடுக்க வரும் பிசியோதெரபி அம்மா மட்டும் சந்தோஷப்படவில்லை.

"அது வெறும் இழுப்பு. நீங்க ஆடுன்னா ஆடணும், நில்லுன்னா நிக்கணும். அப்பதான் மூளையிலருந்து ஒரு வழியாவது மிச்சம் கீதுன்னு நம்பலாம். அத வச்சித்தான் மேல பயிற்சி."

வழி இருக்கிறதா என்று அவரும் சொல்லவில்லை. தினமும் கண்ணை மூடிக்கொண்டு வலது கால் கட்டைவிரலை மடக்கு, மடக்கு என்று மனதால் ஏவச் சொன்னார். ஏவினேன். ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரிதான். எரிச்சல் எரிச்சலாக வரும்.

பாதங்கள் வெளிப்பக்கம் சாயாமலிருக்கத் துணியைச் சுருட்டி முட்டுக்கொடுக்க வேண்டும். ஒருநாள் கடல்காற்று தொடங்கும் நேரம், அந்தச் சுருள் நழுவிக்கொண்டே இருந்தது. உலை கொதிக்கிற அவசரத்தில் என் மனைவி மகளின் தலை ரிப்பனை எடுத்து என் இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்துக் கட்டிவிட்டு அடுப்படிக்கு ஓடிவிட்டாள். முட்டிக்கு அடியில் தலையணை இருந்ததால் பாதங்கள் என் கண்ணுக்குத் தெரியாது. கட்டியதுகூட எனக்குத் தெரியவில்லை. கண்ணை மூடி விரலை ஏவிக்கொண்டிருந்தேன்.

கோயிலிலிருந்து அம்மா திரும்பினாள். கால் கட்டைவிரல்களை யாருக்குக் கட்டுவார்கள் என்று நம் பக்கத்தில் தெரியாதவர் உண்டா? மகன் கண்மூடி மல்லாந்து, விரல் கட்டிக் கிடக்கிறான்.

"ஐயோ, எம்புள்ள பூட்டானே!"

கண்ணைத் திறந்தேன். அதற்குள் அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலில் கூடி, ஒருத்தி அழவே தொடங்கிவிட்டாள். என் சாவுக்கு வந்தவர்களை நான் படுத்தபடியே பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பாதி உடம்பு போனதே தெரியாதவனுக்கு மீதி போனால் மட்டும் தெரியுமா?

"கீறேம்மா, உசுரோடதான் கீறேன்" என்றேன்.

"இன்னாடி பண்ணி வச்சிகீற! அவுருடி மொதல்ல!" என்று அம்மா மருமகள்மேல் பாய்ந்தாள்.

மனைவி என் காலடியில் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"மாமா, ரிப்பன் இழுக்குது."

"இழுப்பு வந்திருக்கும்."

"முட்டி ஆடல. வலது கட்டவிரல்தான். நீயா பண்ற? நிறுத்து பாக்கலாம்."

பயத்தில் நான் இன்னும் ஏவிக்கொண்டிருந்தது அப்போதுதான் புரிந்தது. விட்டேன்.

"நின்னுடிச்சி. இப்ப மடக்கு."

மடக்கினேன். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இடது கால் விரலயும் சேத்து இழுக்குது மாமா!"

அடக்க முடியாமல் அழுதுவிட்டேன். அவள் முடிச்சில் கை வைத்தாள். அம்மா அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அவுக்காத, இரு. இன்னொரு தபா பாத்துக்கறேன்."