மாமனாரின் கணினியில் ஒரு சுற்றறிக்கை

என் மாமனாரின் சின்ன மடிக்கணினியைத் திறந்தால் முதலில் அதனுடன் பிறந்த நீலப் படம்தான் வரும். ஏறக்குறைய அரை நிமிடம் கழித்துத்தான் நான் தயாரித்துப் போட்ட சுற்றறிக்கை அந்த நீலத்தை மூடிக்கொண்டு வந்து நிற்கும். ஒரு கையில் தண்ணீர்க் குவளையும் மறு கையில் மாத்திரைத் தட்டுமாக அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, அந்த அரை நிமிடத்தை இரண்டு வருடம் அநேகமாகத் தினமும் கழித்திருக்கிறேன். அன்பு, தியாகம் என்றெல்லாம் யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அப்போது எனக்கு இருந்ததெல்லாம் களைப்பு.

மாமனார் யாழ்ப்பாணத்து வழி வந்தவர். ஓர் அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் குமாஸ்தா உத்தியோகம் பார்த்து, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு அடுக்குமாடி வீட்டை வாங்கி ஓய்ந்தவர். நான் கிள்ளான்காரி. தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார், அப்பா துறைமுகத்துக்கு லோரி ஓட்டினார். இந்த இரண்டு வரிகளே போதும், எங்கள் கல்யாணத்துக்கு மாமனார் ஏன் வரவில்லை என்று மலேசியத் தமிழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்வதென்றால், இங்கே யாழ்ப்பாணத்து உத்தியோகக்காரர்கள் தோட்டக் கூலிகள் வழி வந்தவர்களைத் தங்களுக்குக் கீழாகத்தான் பார்ப்பார்கள். மாமியார் இறந்த பிறகு, தனியாக இருக்கிறாரே என்று நாங்கள்தான் அந்த வீட்டுக்குக் குடிபோனோம். என் கணவருக்குக் கடலில் எண்ணெய் மேடையில் வேலை. நாலு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே. ஆகவே வீட்டில் பெரும்பாலும் மாமனாரும் நானும்தான். கொடுமைக்காரர் இல்லை. நான் சமைத்ததைச் சாப்பிட்டார், நன்றாக இருந்தால் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொள்வார். ஆனால் வீட்டுக்கு வந்தவர்களிடம் என்னை ஒருநாளும் மருமகள் என்று சொன்னதில்லை. "இவன்ட வீட்டுக்காரி" என்று மகனைக் காட்டிச் சொல்வார். மகன் கடலில் இருந்தால் அவன் படத்தைக் காட்டிச் சொல்வார்.

மறதி வந்தபோது அவர் முதலில் மறந்தது என்னைத்தான். மகனை மறக்கவில்லை, செத்துப்போன மாமியாரை மறக்கவில்லை, கீழே பத்திரிகை விற்பவரின் பெயர் கூட நினைவிருந்தது. ஒரு காலை நான் மாத்திரையோடு போனபோது நிமிர்ந்து பார்த்து, "ஆர் நீர்? ஆர் உம்மை உள்ள விட்டது?" என்று கேட்டார். நான் சொன்னேன். மறுநாளும் கேட்டார். முன்பின் தெரியாத பெண் நீட்டும் மாத்திரையை யார் விழுங்குவார்கள்? வாயில் போட்டுக்கொண்டு, நான் திரும்பியதும் பூந்தொட்டியில் துப்பினார். அது இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரை. நாலு நாள் தொடர்ந்து விழுங்காமல் விட்டால் பக்கவாதம் வரலாம், வந்தால் எழுந்திருக்க மாட்டார் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். மகன் வீட்டில் இருக்கும் வாரம் மட்டும் வாயைத் திறந்து சமர்த்தாக வாங்கிக்கொள்வார். மற்ற நாலு வாரம் நான் பட்ட பாடு சொல்லி மாளாது. வீட்டிலிருந்தே காப்புறுதி அலுவலக வேலையும் பார்த்துக்கொண்டிருந்தேன். கணினியில் கூட்டம் நடக்கும்போது பின்னாலிருந்து "இந்தப் பொம்பிளை ஆர்?" என்று குரல் வரும்.

அவர் நம்பிய ஒரே பொருள் அந்த மடிக்கணினி. ஓய்வுபெற்ற புதிதில் மகன் வாங்கிக் கொடுத்தது, இருப்பதிலேயே மலிவானது. தினமும் காலை எட்டு மணிக்குக் குளித்து, திருநீறு பூசி, முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானையும் போட்டுக்கொண்டு அதன் முன் உட்காருவார். அவருக்கு அதுதான் அலுவலகம். பத்து மணி வரை சீட்டு விளையாடுவார். நான் யார் என்று எழுதிச் சுவரில் ஒட்டிப் பார்த்தேன், கிழித்துப் போட்டார். என் புதிய கணினியைக் கொடுத்துப் பார்த்தேன், தன்னுடையது இல்லையென்று தள்ளி வைத்தார். அப்போதுதான், திரையைத் திறந்ததும் என் படமும் 'இவர் உங்கள் மருமகள்' என்ற வரியும் முன்னால் நின்றால் நம்புவார் என்று தோன்றியது. வால்பேப்பரை மாற்றுவது என்ன பெரிய வேலை?

பெரிய வேலைதான். அதில் இருந்தது இயங்குதளத்தின் அடிப்படைப் பதிப்பு. வலது பொத்தானை அழுத்தினால் மற்ற கணினிகளில் வால்பேப்பர் மாற்றும் வரி வரும். இதில் அந்த வரியே கிடையாது. படத்தைத் திறந்து அங்கிருந்து பின்னணியாக்கப் பார்த்தேன், அந்த வழியும் இல்லை. நீலப் படக் கோப்பைத் தேடிப் பிடித்து அதே பெயரில் என் படத்தை வைத்தேன், அனுமதி இல்லை என்று வந்தது. தெருமுனைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது பேசிக்கா. வால்பேப்பர் மாத்த விடாது லா. பேசாம புதுசு வாங்கிருங்க" என்றார். புதியதை மாமனார் தொட மாட்டார் என்று சொன்னேன். "அப்ப அந்த நீலத்தையே பாக்கச் சொல்லுங்க" என்று சிரித்தார். அவர் மேல் தப்பில்லை, ஆனால் அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்கத் தேடி, யாரோ புண்ணியவான் எழுதி வைத்திருந்த குட்டி மென்பொருளைக் கண்டுபிடித்தேன். அது பதிப்பை மாற்றாது, கணினி எழுந்து முடித்த பிறகு நீலத்தின் மேல் நம் படத்தை விரித்துவிடும். அரை நிமிடத் தாமதம் அதனால் வந்ததுதான்.

மறுநாள் காலை என் படம் திரை முழுக்க வந்தது. மாமனார் கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார். "ஒபிஸ் மெசினில படம் மாத்த ஆர் பெர்மிசன் குடுத்தது?" என்றார். மாத்திரை மறுபடியும் தொட்டிக்குப் போனது. நான் சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களை வேண்டுமென்றே சத்தமாகக் கழுவினேன். கழுவி முடிப்பதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. அவர் ஒரு வாழ்நாள் முழுக்கப் படத்தை நம்பி எதுவும் செய்ததில்லை. கோப்பு எண், பொருள், கீழே கையெழுத்து, இவை இருந்தால்தான் எழுந்து நிற்பார்.

ஆகவே சுற்றறிக்கை எழுதினேன். ஆங்கிலத்தில்தான், அவருக்கு அதுதான் அலுவலக மொழி. மேலே ஒரு கோப்பு எண். பொருள்: காலை மாத்திரை வழங்குதல். ஒன்று, கீழே படத்தில் உள்ளவர் என் மருமகள். இரண்டு, தினமும் அவர் தரும் மாத்திரையைத் தாமதமின்றி உட்கொள்ள வேண்டும். மூன்று, அவருக்கு முழு ஒத்துழைப்பு அளிக்கப்பட வேண்டும். கையெழுத்து யாருடையது? அவர் மறுக்க முடியாதது அவருடைய கையெழுத்து ஒன்றுதான். வங்கிப் படிவங்களில் இருந்தவை கை நடுங்கத் தொடங்கிய பிறகு போட்டவை, அவற்றை அவரே நம்ப மாட்டார். உறுதியான கையெழுத்து ஒன்றுதான் வீட்டில் இருந்தது. எங்கள் கல்யாணத்துக்கு முன் அவர் மகனுக்கு எழுதிய கடிதம். அதுவும் சுற்றறிக்கை மாதிரியேதான் இருக்கும், எண் போட்ட பத்திகள். மூன்றாவது பத்தியில், அந்தத் தோட்டத்துப் பெண் ஒருக்காலமும் என் மருமகள் ஆக மாட்டாள் என்று எழுதியிருந்தார். கணவர் அதை எனக்குக் காட்டியதில்லை. அலமாரியில் துணிக்கு அடியில் நானாகப் பார்த்தது. அதை எடுத்துக் கைப்பேசியில் படம் பிடித்து, கையெழுத்தை மட்டும் வெட்டி என் சுற்றறிக்கையின் கீழ் ஒட்டினேன்.  வெட்கமாக இருந்தது, கொஞ்சம் திருப்தியாகவும் இருந்தது. கடிதத்தை மடித்து இருந்த இடத்திலேயே வைத்தேன்.

அடுத்த நாள் அவர் அதை இரண்டு முறை படித்தார். விரலால் கையெழுத்தைத் தொட்டார். திரையில் இருந்த படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "நான்தான் சைன் வச்சிருக்கிறன். அப்ப சரி, தாரும் பிள்ளை" என்று கையை நீட்டினார். மாத்திரை உள்ளே போனது. அன்றிலிருந்து இரண்டு வருடம் ஒரு நாள் தவறவில்லை. ஆனால் ஒவ்வொரு காலையும் அவருக்கு முதல் காலைதான். நீலம் இருக்கும்வரை என்னைச் சந்தேகமாகப் பார்த்து, "பொறும், ஓடர் வரட்டும்" என்பார். ஓடர், அதாவது என் சுற்றறிக்கை, வந்ததும் படிப்பார், "ஓ, மருமகள்" என்பார். ஒழுங்காக நினைவு இருந்த காலத்தில் அவர் வாயிலிருந்து வராத சொல். அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். சில நாள் வந்தது. பல நாள், நானே எழுதிக் கொடுத்ததை அவர் வாசிக்கிறார் என்பது மட்டும்தான் தெரிந்தது. கணவரிடம் இதைச் சொல்லவே இல்லை. சொன்னால் கையெழுத்து எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டுமே. அவர் வீட்டில் இருக்கும் வாரங்களில் அவரே மாத்திரை கொடுத்ததால் சுற்றறிக்கைக்கு அவசியம் வரவில்லை, அது திரையில் வராதபடி நிறுத்தி வைத்துவிடுவேன்.

மாமனார் போன வருடம் தூக்கத்திலேயே போய்விட்டார், பக்கவாதம் வரவில்லை. காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து, அப்பாவின் சாமான்களை ஒழுங்கு செய்த கணவர் அந்த மடிக்கணினியைத் திறந்தார். நான் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். நீலம் தெரிந்தது. மூடச் சொல்லியிருக்கலாம். அசதியா, ஆசையா தெரியவில்லை, துணியை மடித்துக்கொண்டே இருந்தேன். சுற்றறிக்கை வந்தது. அவர் வெகுநேரம் படித்தார்.

"அப்பா உன்ன மருமகள்னு எழுதியிருக்காரு. ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றார்.  துணிக்கு அடியில் அந்தக் கடிதத்தைப் பதினெட்டு வருடம் ஒளித்து வைத்தவர் அவர். கிழித்துப் போடாமல் எதற்காகவோ காத்திருந்திருக்கிறார். அது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"அப்பா கையெழுத்துதானே இது?" என்றார்.

"அவர் கையெழுத்துதான்" என்றேன்.

அன்றைக்கே அவர் போய் அதை அச்செடுத்து, சட்டம் போட்டு வாங்கி வந்து, மாமனார் படத்துக்குக் கீழே மாட்டினார். பழைய கடிதத்தை என் கண்முன்னே எடுத்துக் கிழித்தார். மாட்டிய சுற்றறிக்கையைத் தினமும் விளக்கேற்றும்போது பார்க்கிறேன். இப்போது அதற்காக அரை நிமிடம் காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வருகிறவர்களை அழைத்துப்போய்க் காட்டி, அப்பா கடைசியில் ஏற்றுக்கொண்டார் என்று கணவர் சொல்கிறார். அவர்கள் என்னைத் திரும்பிப் பார்க்கும்போது நான் தலையாட்டுகிறேன்.