கேப்டனுக்குப் போட்ட நாற்காலி

நோரா மேடத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே கோபம்தான் முதலில் வருகிறது. ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். ஆறவில்லை. சூடாகவே எழுதிவிடுகிறேன்.

பெங்களூருக்குக் கிழக்கே, ஹொஸகோட்டை தாண்டி, ராகி வயல்களுக்கு நடுவில் ஓர் ஓடுபாதை இருக்கிறது. அதன் ஓரம் விமானங்களை நிறுத்தத் தகரக் கூரை போட்ட ஹேங்கர், இரண்டு அறைகள், சில சின்ன விமானங்கள். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் தனியார் பள்ளி. எந்த மாணவர் எந்த விமானத்தில் போகிறார், எப்போது திரும்பினார் என்று பலகையில் எழுதுவது என் வேலை. ஜன்னலோர மேஜை. பேச வேண்டிய அவசியம் அதிகமில்லை, பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

நோரா அங்கே உதவிப் பயிற்றுநர். ரிச்சர்ட்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பா விமானத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளெல்லாம் விமானங்களின் அடிவயிற்றில் ரிவெட் அடித்தவர், மகள் ஓட்டிய விமானத்தில்தான் முதல்முறையாகப் பறந்தார். இறங்கியதும், "உள்ள இவ்ளோ சத்தமா?" என்று மட்டும் கேட்டாராம்.

ஓட்டத் தெரிவது வேறு, ஓட்டக் கற்றுக்கொடுப்பது வேறு. பயிற்றுநராகப் போகிறவர் வழக்கமான இடது இருக்கையை விட்டு வலது இருக்கைக்கு மாற வேண்டும். விமானத்தை ஓட்டிக்கொண்டே, செய்வதை எல்லாம் செய்யும் கணத்திலேயே வாயால் சொல்ல வேண்டும். கை முந்தினாலும் தப்பு, வாய் முந்தினாலும் தப்பு. நோரா இதை வீட்டுச் சமையலறையில் பழகினார். "இப்போது மாவை ஊற்றுகிறேன். நடுவிலிருந்து வெளியே, சீராக. ஓரத்தின் நிறம் மாறுவதைக் கவனிக்கவும்." அவருடைய அம்மா கத்துவாராம்: "தோசைக்குமா கமென்ட்ரி? நிறம் மாறி கருப்பாவே ஆயிடுச்சு, கவனிக்கவும்!"

பள்ளியில் விமான விதிகள் பாடமும் அவருடையதுதான். மாணவர்களுக்கு அது பிடிக்காத பாடம். பழைய கேள்விகளை மனப்பாடம் செய்து தேர்வில் கொட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். நோரா மனப்பாடத்துக்கு விடமாட்டார். எந்த விதியைப் படித்தாலும் புத்தகத்தை மூடச் சொல்லி ஒரே கேள்வி கேட்பார்: "இதுல யார் பொறுப்பு?" பெட்ரோல் அளவைப் பார்ப்பதா, மேகம் இறங்கும்போது திரும்புவதா, எதுவானாலும் அதே கேள்வி. பையன்கள் அவருக்குப் 'பொறுப்பு மேடம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவருக்கும் தெரியும்.

அந்த விதிகளில் ஒன்று அவரைப் பற்றியது. உதவிப் பயிற்றுநர் பாடம் நடத்தலாம், மாணவரோடு சேர்ந்து பறக்கலாம். ஆனால் ஒரு மாணவரை முதல்முறையாகத் தனியாக மேலே அனுப்பும் உரிமை அவருக்குக் கிடையாது. முழுப் பயிற்றுநர் ஒருவர் கூடப் பறந்து பார்த்து, திருப்திப்பட்டு, இறங்கி நின்று அனுப்ப வேண்டும். எங்கள் பள்ளியில் முழுப் பயிற்றுநர் ஒருவர்தான், தலைமைப் பயிற்றுநர் கேப்டன் உத்தமன்.

நோரா முழுப் பயிற்றுநர் ஆவதற்கு வேண்டிய பறப்பெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. பள்ளியிலிருந்து பரிந்துரை போனால் தேர்வு வைப்பார்கள். பரிந்துரைக்க வேண்டியவர் உத்தமன். "அடுத்த மாசம் பாக்கலாம்மா" என்பார். அந்த அடுத்த மாசம் மூன்று வருடமாக வந்துகொண்டே இருந்தது. முழுப் பயிற்றுநர் ஆகிவிட்டால் நோரா வேறு பள்ளிக்குப் போய்விடலாம், அல்லது இங்கேயே சமமாக உட்காரலாம். இரண்டும் உத்தமனுக்கு ஆகாது. இதில் கொடுமை என்னவென்றால், காலையில் எழுந்து வரச் சோம்பலாக இருக்கும் நாளில் மட்டும் உத்தமனுக்கு உதவிப் பயிற்றுநர்கள் முழுப் பயிற்றுநர்களாகத் தெரிவார்கள். "அனுப்பிடு, நான் வந்து எழுதிக்கறேன்" என்று போனில் சொல்வார். இன்னோர் உதவிப் பயிற்றுநர் ரவிக்குமார் அப்படிப் பலரை அனுப்பியிருக்கிறார். நோராவிடம் உத்தமன் அதுவரை கேட்டதில்லை. சஞ்சய் விஷயத்தில் கேட்டார்.

சஞ்சய் ஸ்ரீராம்புரத்துப் பையன். அவன் அப்பா கிருஷ்ணப்பா அங்கே கிரில், கேட் செய்யும் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். சனிக்கிழமை காலை பையன் தனியாகப் பறப்பான் என்று உத்தமனே அவருக்குப் போன் செய்து சொல்லியிருந்தார். அதற்கு முந்தைய வாரம்தான் நோராவிடமும், "இந்த வாட்டி நிச்சயமா உன் பேரை அனுப்பறேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

சனிக்கிழமை ஒரு டெம்போ டிராவலர் நிறைய சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். மாலை, ஸ்வீட் டப்பா, பூசணிக்காய், ஒரு பை எலுமிச்சம்பழம். முதல்முறை தனியாகப் பறந்து இறங்குகிறவன் தலையில் தண்ணீர் ஊற்றுவது எல்லாப் பள்ளியிலும் வழக்கம். அதற்காகச் சஞ்சயின் நண்பர்கள் காலையிலேயே வாளியை நிரப்பி வைத்திருந்தார்கள்.

"டீச்சரம்மா, எது நம்ம பையன் வண்டி? சக்கரத்துக்கு அடியில நாலு பழம் வெச்சுடலாம்" என்றார் கிருஷ்ணப்பா.

"அதுக்கு மூணு சக்கரம்தாண்ணா."

"அப்போ மூணு. ஒண்ணு உங்களுக்கு, ஜூஸ் போட்டுக்கோங்க."

நோரா சிரித்துவிட்டார். "விமானம் ஓடற இடத்துல எதுவும் சிதறக் கூடாதுண்ணா. பூசணிக்காயும் கேட்டுக்கு வெளியதான்."

எல்லாம் தயார். காற்றின் திசை காட்டும் காற்றுப்பை சோம்பலாகத் தொங்கியது. அவ்வளவு அமைதியான காற்று. உத்தமனை மட்டும் காணவில்லை. நோரா என் மேஜைக்கு வந்து அவருக்குப் போன் செய்தார். அந்தப் பக்கத்துக் குரல் எனக்கும் கேட்டது.

"சார், எங்க இருக்கீங்க? சஞ்சய் ரெடி."

"மைசூருல இருக்கேம்மா, சகலை வீட்டு கிரகப்பிரவேசம். நீ அனுப்பிடு. திங்கக்கிழமை வந்து நான் எழுதிக்கறேன்."

"நான் அசிஸ்டன்ட் சார். அனுப்ப முடியாது."

"நீதானே சொல்லிக்குடுத்தே? நல்லாதானே ஓட்டறான்?"

"நல்லா ஓட்டறான். அது வேற."

"நோரா, உன் பேரை இந்த வாரம் அனுப்பறேன்னு சொல்லிருக்கேன். ஞாபகம் வெச்சுக்கோ."

நோராவின் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் அசையவில்லை.

அதற்குள் கிருஷ்ணப்பா கதவருகே வந்துவிட்டார். பின்னாலேயே அவருடைய தங்கை சீதாலட்சுமி. "இன்னாம்மா லேட்டு? வெயிலு ஏறுது" என்றார் கிருஷ்ணப்பா.

"கேப்டன் வரலைண்ணா. நான் அனுப்பக் கூடாது. நான் உதவிப் பயிற்றுநர்தான்."

"டாக்டரு ஊருக்குப் போயிட்டாரு, கம்பவுண்டரு ஊசி போட மாட்டேங்குது" என்றார் சீதாலட்சுமி, கூட்டத்துக்கே கேட்கும்படி. சிலர் சிரித்தார்கள்.

"ஸ்பீக்கர்ல போடும்மா, நான் பேசறேன்" என்றார் கிருஷ்ணப்பா. நோரா போட்டார். "சார், கிருஷ்ணப்பா. சும்னே வீணா எல்லாரையும் கூட்டிக்கினு வந்துட்டேன். இவங்க மாட்டேங்கறாங்களே?"

"நான் சொல்லிட்டேன் சார். அந்தப் பொண்ணுதான் வீம்பு பண்ணுது. நீங்க கவலைப்படாதீங்க, அனுப்புவாங்க."

"சார், ஒரே ஒரு கேள்வி" என்றார் நோரா. வகுப்பில் கேட்கும் அதே குரல். "பையன் தனியா மேல இருக்கறப்ப ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?"

அந்தப் பக்கம் நாதஸ்வரம் கேட்டது. எரிச்சலோடு பதில் வந்தது. "யார் பொறுப்புன்னா? சொல்லிக்குடுத்தது நீ. அனுப்பப்போறது நீ. மைசூருல உக்காந்திருக்கற நான் எப்படிம்மா பொறுப்பாவேன்?"

கிருஷ்ணப்பா போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹௌதா, அப்படியா?" என்றார் மெதுவாக. "அப்போ திங்கக்கிழமை வந்து நீங்க எழுதற எழுத்து எதுக்கு சார்?"

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அதற்குப் பிறகும் அவர்கள் சமாதானமாகப் போனார்கள் என்று நினைக்க வேண்டாம். சீதாலட்சுமி கடைசி வரை முணுமுணுத்தார். சஞ்சய் ஹேங்கர் சுவரோரம் போய் நின்றுகொண்டான். நோரா அவனிடம் போனபோது, "நான் இன்னும் தயாராவலையா மேடம்?" என்றான்.

"நீ தயார். என்னைத்தான் இன்னும் தயாராக விடல" என்றார் நோரா. "வா, சேர்ந்து போவோம். அதுக்கு எனக்கு உரிமை இருக்கு."

இருவரும் மேலே போனார்கள். மூன்று சுற்று, மூன்று இறக்கம். மூன்றிலும் நோரா கைகளைக் கட்டிக்கொண்டே இருந்தாராம், வாயையும் திறக்கவில்லையாம். தோசைக்குக்கூடப் பேசியவர். கீழே கூட்டம் கைதட்டியது. ஆனால் அது தனிப்பறப்பு இல்லை. நிரம்பிய வாளி அப்படியே நின்றது.

திங்கட்கிழமை உத்தமன் வந்தார். கிருஷ்ணப்பாவும் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார், இந்த முறை தனியாக. உத்தமன் சஞ்சயோடு ஒரு சுற்றுப் போனார், இறங்கினார், பையனைத் தனியே அனுப்பிவிட்டு ஏசி அறையை நோக்கி நடந்தார். கிருஷ்ணப்பா கேன்டீனிலிருந்து ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், ஹேங்கர் நிழலைத் தாண்டி வெயிலில் போட்டார்.

"இங்க உக்காருங்க சார்."

"பரவால்ல, உள்ள இருந்தே பாத்துக்கறேன்."

"மாடியில கிரில் மாட்ட பசங்கள ஏத்திவிட்டா, இறங்கற வரைக்கும் நான் கீழதான் சார் நிப்பேன். உக்காருங்க. அவன் என் பையன்."

உத்தமன் உட்கார்ந்தார். சஞ்சய் இறங்கினான். தண்ணீர் ஊற்றினார்கள், படம் எடுத்தார்கள். பள்ளியின் இணையப் பக்கத்தில் அந்தப் படம் வந்தபோது நனைந்த சஞ்சயின் தோளில் கை போட்டு உத்தமன் சிரித்துக்கொண்டிருந்தார். 'எங்கள் கேப்டனின் இன்னுமொரு மாணவர்' என்று கீழே எழுதியிருந்தது. நோராவின் பெயர் எங்கேயும் இல்லை. படத்தை எடுத்தவரே அவர்தான்.

அந்த வாரம் நோராவின் பெயர் போகவில்லை. காரணம் கேட்டதற்கு, "அனுசரிச்சுப் போகத் தெரியணும்மா. பெரியவங்க பேச்சைக் கேக்கற பக்குவம் வேணும்" என்றாராம் உத்தமன். மாணவனின் உயிருக்குப் பொறுப்பேற்க மாட்டேன் என்று எல்லோர் காதிலும் விழச் சொன்ன மனிதர் பக்குவத்தைப் பற்றிப் பேசினார்! விதியை மீறச் சொன்னவர் பதவியில் இருக்கிறார், மீறாதவருக்குப் பதவி இல்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது? பலகையில் நேரம் எழுதும்போது என் சாக்பீஸ் இரண்டு முறை ஒடிந்தது. நான் செய்தது அவ்வளவுதான்.

நோரா சண்டை போடவில்லை. அழுதாரா, தெரியாது. அடுத்த வகுப்பில் அந்த ஒரு விதியை மட்டும் எடுத்தார். "உன்னை முதல்முறை தனியா அனுப்பறது யாரு? அப்போ அவர் எங்க இருக்கணும்?" மாணவர்கள் சொல்லி முடித்ததும், "இதை வீட்டுலயும் சொல்லுங்க" என்றார்.

வகுப்புக்குப் பிறகு ரவிக்குமார் டீ கிளாஸோடு வந்து என் ஜன்னலோரம் இருந்த நோராவின் பக்கத்தில் நின்றார். "நான் அனுப்பினப்ப எல்லாம்... ஏதாவது ஆகியிருந்தா எனக்கும் இதே பதில்தானா நோரா?"

"உனக்கு மட்டும் தனியா வேற பதில் வெச்சிருப்பாரா?"

ரவிக்குமார் டீயைக் குடிக்காமலேயே கீழே ஊற்றினார்.

மறுநாள் காலை அவருடைய மாணவி ஒருத்திக்குத் தனிப்பறப்பு. "கேப்டன் வரட்டும்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அப்படித்தான். முதல் தனிப்பறப்புக்கான காற்று விடியற்காலையில்தான் நன்றாக இருக்கும். உத்தமன் நகரத்தின் மறுகோடியிலிருந்து, லாரிகளுக்கு நடுவே, தாடியை மழிக்காமல் வந்து சேர வேண்டியிருந்தது. வந்தால் நாற்காலி காத்திருக்கும். அதை யாரும் எடுத்து உள்ளே வைப்பதில்லை. கூட வரும் பெற்றோர் முதலில் நாற்காலியைத்தான் பார்ப்பார்கள். வீட்டில் பிள்ளைகள் சொல்லியிருப்பார்கள் போல. அதில் ஆள் இல்லையென்றால், "அனுப்பறவரு எங்கே?" என்று கேட்பார்கள்.

வெயில் காலம் வந்தது. நாற்காலியின் சிவப்பு வெளுத்து ரோஸ் ஆகிவிட்டது. உத்தமன் இடுப்பில் வலிக்கான பெல்ட் கட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார். ஒரு காலை, மேலே ஒரு மாணவன் சுற்றிக்கொண்டிருந்தபோது, அவர் நாற்காலியில் இருந்தபடியே, திரும்பிப் பார்க்காமல் நோராவிடம் சொன்னார்: "உன் பேரை அனுப்பிட்டேன். போதுமா? டெஸ்ட் முடிச்சுட்டு வந்து நீயே இங்க உக்காரு."

அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். இல்லை, இன்னும் எரிகிறது. மூன்று வருடமாக நோராவின் திறமைக்குக் கிடைக்காதது உத்தமனின் முதுகுவலிக்குக் கிடைத்தது.

நோரா நன்றி சொல்லவில்லை. மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். விமானம் திரும்பி, தாழ்ந்து, சக்கரம் தரையைத் தொட்டதும்தான் பேசினார்.

"டெஸ்ட் தேதி வர நாளாகும் சார். நாளைக்கு லாவண்யாவுக்கு முதல் சோலோ. ஆறு மணிக்கு வந்துடுங்க."