அம்மா போன் பண்ணினால் நெட் போகும்

கல்யாணமாகி நான் சமயநல்லூர் வந்தபோது அந்தத் தெருவிலேயே வயர்லெஸ் நெட் இருந்த ஒரே வீடு எங்களுடையது. அதனால் யாருக்கும் பத்து பைசா பிரயோஜனமில்லை, எங்களையும் சேர்த்துத்தான்.

எனக்கு வீட்டிலிருந்தபடி மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலை. அமெரிக்க டாக்டர்கள் எதையோ மென்றுகொண்டே பேசிய ஆடியோவை இறக்கி, காதில் மாட்டிக் கேட்டு, டைப் அடித்து அனுப்ப வேண்டும். யாரோ ஒருவருடைய பித்தப்பையைப் பற்றிப் பாதிக் கதை வந்திருக்கும்போது நெட் படுத்துவிடும். பித்தப்பையை எடுத்தார்களா விட்டார்களா என்று தெரியாமல் நான் உட்கார்ந்திருப்பேன்.

என் வீட்டுக்காரர் தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் வாத்தியார். ஊர் கம்ப்யூட்டருக்கெல்லாம் வைத்தியம் பார்ப்பவர், வீட்டு மோடத்திடம் மட்டும் தோற்றுப்போனார். முதலில் அதை பிரிட்ஜ் மேல் வைத்தார். பிறகு பரண் மேல். பிறகு, பல்லி எச்சம் படுகிறதென்று, இரும்பு பீரோவுக்குப் பின்னால். அதன்பிறகு எங்கள் அறைக்கு வந்த சிக்னலைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. லேப்டாப்பைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு வீடு பூராவும் நடந்து, சமையல்கட்டு வாசலில் நின்று, "இங்கன ரெண்டு கோடு காட்டுது!" என்று கத்துவார். நானும் குக்கருக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டாக்டர் சொல்வதைக் கேட்பேன். விசில் வந்தால் போச்சு.

கடைசியில் நானே மோடத்தை எடுத்து ஹாலில் நடு அலமாரியில் வைத்தேன். வேகம் நன்றாகவே கூடியது. ஆனால் சாயங்காலமானால் அறுந்துபோவது மட்டும் நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் திருடுகிறான் என்று அவர் பாஸ்வேர்டை மாற்றினார். பக்கத்து வீட்டில் கம்ப்யூட்டரே கிடையாது.

ஒருநாள் அவர் ரொம்ப யோசித்துவிட்டுச் சொன்னார்: "கவனிச்சியா? உங்கம்மா போன் பண்ணாத்தான் நெட் போகுது."

எனக்கு எப்படி இருக்கும்?

"ஏன், எங்கம்மா சோழவந்தான்ல இருந்து வயரைப் பிடிச்சு இழுக்குதாக்கும்?"

"நெசமாத்தான் சொல்றேன். எங்கக்கா பண்ணா ஒண்ணும் ஆகலை."

"உங்கக்கா பேச்சு அம்புட்டு சுத்தமாக்கும்!"

ரெண்டு நாள் அவருக்குச் சோற்றை மட்டும் போட்டேன், பேச்சில்லை. மூன்றாம் நாள் எனக்கே சந்தேகம் வந்தது. ஏனென்றால் அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அம்மா பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் மோடத்தில் பச்சை விளக்கு கண்ணடித்துவிட்டு அணைந்துவிடும்.

போனுக்கும் நெட்டுக்கும் ஒரே கம்பிதான். இரண்டையும் பிரித்துவிட ஒரு சின்ன வெள்ளை டப்பா மாட்டியிருப்பார்கள். அதன் வழியாகப் போகாமல் வீட்டில் வேறொரு போன் இருந்து, அதை யாராவது எடுத்தால் நெட் அறுந்துவிடும். இதை எனக்குச் சொன்னது கஸ்டமர் கேர் பெண். "வீட்டில் இன்னொரு போன் இருக்கிறதா, மேடம்?" என்றாள். இல்லை என்று அடித்துச் சொன்னேன்.

வைத்துவிட்டு, எதற்கும் பார்ப்போமென்று வாசல் பக்கமிருந்து வரும் கம்பியைப் பிடித்துக்கொண்டே போனேன். ஹாலுக்குள் நுழையும் முன்பே அது இரண்டாகப் பிரிந்தது. ஒன்று மோடத்துக்கு. இன்னொன்று, சுவரோடு சேர்த்து வெள்ளையடித்ததில் மறைந்து, மாமியார் அறைக்குள் போனது.

அன்று சாயங்காலம் அம்மா கூப்பிட்டதும், "ஒரு நிமிஷம் இரும்மா" என்று ரிசீவரை மேசையில் வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். அத்தை சுவர் அலமாரிக்குள் தலையை விட்டு, பட்டுச் சேலைகளுக்கு நடுவில் காதை வைத்துக்கொண்டு நின்றார். கையில் ஒரு சிவப்பு ரிசீவர்.

"என்ன அத்தை, சேலைகூட பேசிக்கிட்டு இருக்கீங்க?"

அவர் திரும்பிப் பார்த்த பார்வையைப் படம் எடுக்காமல் விட்டேனே என்று இன்னும் வருத்தம்தான். மாமனார் படுக்கையில் கிடந்தபோது அவருக்காக இழுத்த பேரலல் போன் அது. அவர் போனபின் கழற்றிவிட்டதாக எல்லோரும் நினைத்திருந்தோம்.

"சும்மா... தொடைக்கலாம்னு எடுத்தேன்," என்றார்.

அப்போது அந்த ரிசீவருக்குள்ளிருந்து என் அம்மாவின் குரல் தெளிவாகக் கேட்டது. "சம்மந்தி, உடம்பு நல்லா இருக்கா? நீங்க கேக்குறது எனக்கு ஆரம்பத்துல இருந்தே தெரியும். மூச்சு வாங்குற சத்தம் எம்புட்டு கேக்குது! அதனாலதான் உங்களப் பத்தி நல்லதா நாலு வார்த்தை தெனமும் சொல்லிக்கிட்டு வாரேன்."

அத்தை ரிசீவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, அலமாரிக் கதவை நன்றாகத் திறந்து வைத்துவிட்டு, கட்டிலில் சாவகாசமாக உட்கார்ந்து, "நல்லா இருக்கேன் சம்மந்தி. வெத்தல வெளச்சல் எப்பிடி?" என்று ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம். அன்றைக்கு நெட் வரவேயில்லை.

மறுநாள் வீட்டுக்காரர் டவுனுக்குப் போய் இன்னொரு வெள்ளை டப்பா வாங்கிவந்து சிவப்பு போனுக்கு மாட்டினார். அதோடு எல்லாம் சரியாகிவிட்டது. "நான் அப்பவே சொன்னேன்ல, உங்கம்மா போன்னு?" என்றார்.

"உங்கம்மா போன்," என்றேன் நான்.