வரப்படாத வீடு

“போறன்” என்று சொல்லி வெளிக்கிட்டால் எங்கள் வீட்டில் கொலைதான் விழும். கடைக்குப் போனாலும் “போயிட்டு வாறன்” என்றுதான் சொல்ல வேண்டும். செத்த வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் மட்டும் அப்படிச் சொல்லக்கூடாது. தம்பியை வார்ட்டிலிருந்து கூட்டிவந்த அன்று, நேர்ஸ் அக்காவிடம் பண்பாகப் “போயிட்டு வாறம்” என்று சொல்லி, அம்மாவிடம் தொடையில் நல்ல கிள்ளு வாங்கினேன்.

வெருகலில் இருந்து பிழைப்புத் தேடி வந்து, திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டிலில் இருந்தோம். எங்களைப்போல வந்து சேர்ந்த குடும்பங்களுக்காக ஒரு மாமி தன் வீட்டிலேயே சங்கம் நடத்தினார். சனிக்கிழமைகளில் தாய்மாருக்கு அரிசி பருப்பு, பிள்ளைகளுக்குப் பாடமும் பால்தேத்தண்ணியும். அம்மா விறாந்தையில் கிடந்த வாங்குப் பலகையின் நுனியில்தான் இருப்பார், எழும்பி ஓடப்போகிறவர் மாதிரி. திரும்பும்போது “போயிட்டு வாறன்” என்பதைக்கூட நிலத்தைப் பார்த்து, அரைவாசி விழுங்கித்தான் சொல்வார்.

ஒரு சனிக்கிழமை, துறைமுகக் கன்டீனில் சமையல் வேலை கிடைத்துவிட்டது என்று மாமியிடம் சொன்னார். அரிசி வாங்கவில்லை.

“அப்ப நான் போறன் அக்கா.”

எனக்குத் திக்கென்றது. இங்கே யார் செத்தது? மாமியாவது திருத்துவார் என்று பார்த்தால், அவர் அம்மாவைக் கட்டிப்பிடித்தார்.

“ஓம், போங்கோ. இனி இஞ்ச வரப்படாது.”

சொல்லிவிட்டுச் சிரிப்பு வேறு!

வரப்படாதாம். பால்தேத்தண்ணி போச்சு, கூட்டாளிமார் போச்சு. வழியெல்லாம் அழுதேன்.

“மாமியோட சண்டையோ அம்மா?”

“உனக்கு விளங்காது, நட.”

அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் நடந்தார்.

முதற் சம்பளம் வந்ததும் அம்மா ஒரு பாரை மீனை வாங்கிக்கொண்டு நேரே மாமி வீட்டுக்குப் போனார். மாமி விரட்டப்போகிறார் என்ற பயத்தில் நான் கேற்றடியிலேயே நின்றுவிட்டேன்.

“ஏன் வந்தனீங்கள்? வரப்படாது எண்டெல்லோ சொன்னனான்?”

“சும்மா வந்தனான் அக்கா.”

அந்த வீட்டுக்குச் சும்மா வந்த ஒருவரையும் நான் கண்டதில்லை. பழக்கதோஷத்தில் வாங்கின் நுனியில் இருக்கப்போன அம்மாவை மாமி கையைப் பிடித்துக் குசினிக்குள் கூட்டிப்போய், தன் கதிரையை இழுத்துப் போட்டார். நான் மெல்லப் போய்க் குசினி வாசலில் எட்டிப் பார்த்தேன்; அம்மா நன்றாகச் சாய்ந்து இருந்தார். மீன் குழம்பு கொதித்து இறங்கும்வரை ஒரே கதை.

வெளிக்கிடும்போது அம்மா படியில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

“போயிட்டு வாறன் அக்கா!”

இரண்டு பேர் கண்ணும் நிறைந்துவிட்டது. கடைக்குப் போகும்போது நான் நாளாந்தம் சொல்கிற சொல்தானே, இதற்குப்போய் ஏன் அழுகிறார்கள் என்று எனக்கு விளங்கவேயில்லை.